எந்த மெஷின் இன்னும் ஓடுகிறது?

ஜனவரி 9

தம்பிக்கு,

இனிமேல் எனக்குப் போன் செய்யாதே. செய்தாலும் எடுக்க மாட்டேன். நான் கோபப்பட ஆரம்பித்ததும் "சரிக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மேஜையில் கிடந்து உன்னை முறைத்துக்கொண்டிருக்கும். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் நீயும் எழுது.

நீ செய்த காரியம் உனக்கே தெரியும். ஆனாலும் எழுதினால்தான் என் வயிற்றெரிச்சல் அடங்கும். என் காதுக்குள் ஒரு சத்தம் கேட்கிறது என்று உன்னிடம் சொன்னேன். கூடப் பிறந்தவன் என்று நம்பிச் சொன்னேன். நீ முந்திரிக்கொட்டை மாதிரி என் மேலாளருக்கே போன் போட்டு, "எங்க அக்காவுக்குக் காது சரியில்லை, மெஷின் பக்கம் விடாதீங்க" என்று வத்தி வைத்துவிட்டாய். அவர் எப்படிப்பட்டவர் தெரியுமா? அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கஞ்சிச் சட்டை. சலவைக்கூடத்து நீராவியில் நாங்கள் எல்லோரும் துவைத்த துணி மாதிரி தொங்கிக்கொண்டிருப்போம், அவர் சட்டையில் மட்டும் ஒரு சுருக்கம் விழாது. சட்டப்படி நடப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மறுநாள் காலையிலேயே என்னைக் கூப்பிட்டு, "டாக்டர் சர்டிபிகேட் வர்ற வரைக்கும் நீங்க மெஷின் கூடத்துக்குள்ள போகக் கூடாதும்மா. அபாயமணி அடிச்சா உங்களுக்குக் கேக்கலைன்னா யார் பதில் சொல்றது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. அவரைக் கேட்க வைத்தவன் நீ.

இப்போது கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கிறேன். மருத்துவமனை விரிப்பு எத்தனை வந்தது, ஓட்டல் துண்டு எத்தனை போனது என்று கம்ப்யூட்டரில் தட்டுகிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மெஷின்கள் ஓடுகின்றன. ஏப்ரலில் இரண்டாவது கூடம் திறக்கிறார்கள். அதற்குப் பொறுப்பு நான்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது யாரும் பேசவில்லை. அந்தக் கூடம் எனக்கு வேண்டும் தம்பி. மெஷின் துடைக்கும் வேலையில் சேர்ந்து இவ்வளவு தூரம் வந்தவள் நான். உன் ஒரு போனில் அதை விட்டுவிட மாட்டேன்.

அந்தச் சத்தம் எப்படிப் பிடிபட்டது என்று உனக்குச் சரியாகச் சொன்னேனோ இல்லையோ. தீபம் அணைந்த மாதிரி ஒரு நாள் மதியம் மின்சாரம் போயிற்று. துவைக்கிறது, பிழிகிறது, உலர்த்துகிறது, இஸ்திரி உருளை, எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. "அப்பாடா, என்ன அமைதி" என்று பெண்கள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "எந்த மெஷின் இன்னும் ஓடுது? போய் நிறுத்துங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அன்றுமுதல் அந்த மெஷின் நிற்கவே இல்லை.

அக்கா


ஜனவரி 15

அக்கா,

நீ திட்டுவாய் என்று தெரிந்துதான் செய்தேன். மறுபடி அப்படி ஒரு நிலைமை வந்தால் மறுபடியும் செய்வேன். உன்னிடம் நேராகச் சொன்னால் கேட்டிருப்பாயா? "எனக்கு ஒண்ணும் இல்லை, போடா" என்பாய். இருபது வருஷமாக அந்த இரைச்சலில் நிற்கிறாய். மெஷின்கள் உன் காதைத் தின்றுவிட்டன. இதற்கு ஒரு டாக்டர் வேண்டுமா?

நான் நிறையப் படித்தேன். காதில் இரைச்சல் என்றால் இரத்தக் கொதிப்பாக இருக்கலாம். காது நரம்பில் கட்டியாக இருக்கலாம். அந்தக் கட்டி என்கிற வார்த்தையைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா போனாள், அப்பா போனார், மிச்சம் நீ ஒருத்தி. உனக்கு ஒன்று என்றால் நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்?

என் வீட்டிலும் நிம்மதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாடி வீட்டுக்காரர் மீன் தொட்டி வைத்திருக்கிறார். சின்னத் தொட்டி இல்லை, சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிற தொட்டி. அதற்குக் காற்று அடிக்கிற மோட்டார் ராப்பகலாக ஓடுகிறது. ம்ம்ம் என்று ஒரே முனகல். கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் அது மட்டும்தான் கேட்கிறது. அவரிடம் இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. "சார், என் மோட்டார் பூனை மாதிரி இருக்கும்" என்கிறார். பூனையா அது? எருமை. என் வீட்டுக்காரியோ, "எனக்கு எதுவும் கேட்கலையே" என்று கை விரிக்கிறாள். என் பக்கம் பேச இந்த வீட்டில் ஆளே கிடையாது.

உனக்கு அந்தக் கவலை எப்போதும் இருந்ததில்லை. அப்பா உன் பக்கம்தான். உன்னோடு அவ்வளவு பேசுவார். கடைசி நாலு வருஷம் என் வீட்டில்தான் இருந்தார், என்னோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அதெல்லாம் பழைய கதை. எழுத உட்கார்ந்தால் கை தானாக அங்கே போகிறது.

டாக்டரிடம் போ. போய்விட்டு எழுது.

தம்பி


ஜனவரி 22

ஊமைக்கோட்டானுக்கு,

எனக்குக் கட்டி வைத்து, நாள் குறித்து, காரியம்வரைக்கும் போய்விட்டாய் போலிருக்கிறது. கொஞ்சம் மூச்சு விடு. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன், உன்னை நன்றாகத் திட்டுகிறேன்.

சத்தம் எப்படி இருக்கிறது என்று நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அதற்குள் வைத்தியம் சொல்ல வந்துவிட்டாய். கேட்டுக்கொள். கிணுகிணு என்று மணியடிக்கிற மாதிரி இல்லை. கீச்சென்றும் இல்லை. கனமான சத்தம். தூரத்தில் லாரி ஒன்று நின்றுகொண்டு எஞ்சினை அணைக்காமல் இருந்தால் எப்படியோ அப்படி. இடது காதில் அதிகம். எனக்கு இதில் பயம் இல்லை என்று சொன்னால் பொய். முதல் வாரம் பயந்தேன். ஆனால் கெட்ட சத்தமாக இருந்தால் இத்தனை மாதம் இவ்வளவு ஒழுங்காகவா ஓடும்? எதற்கும் ஒரு காரணம் இருக்கும். கண்டுபிடிக்காமல் விடமாட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. கூடத்தில் இருந்தவரைக்கும் நான் யாரிடமும் "என்ன?" என்று கேட்டதில்லை. பிழியும் மெஷின் முழு வேகத்தில் சுற்றும்போதுகூட அந்தக் கோடியிலிருந்து பேசுவது எனக்கு விழும். கண்ணாடி அறைக்கு வந்த பிறகுதான் செவிடி ஆனேன். இங்கே ஏசி, தரையில் விரிப்பு, எல்லோரும் காதலர்கள் மாதிரி குசுகுசு என்று பேசுகிறார்கள். பக்கத்து நாற்காலிப் பெண் ஏதாவது கேட்டால் மூன்று முறை சொல்ல வைக்கிறேன். என் மெஷினோ உள்ளே ஜோராக ஓடுகிறது. "பாருங்க, ரொம்ப மோசமாயிட்டு வருது" என்று கஞ்சிச் சட்டை உச்சுக் கொட்டுகிறார். கூடத்தில் விட்டால் சரியாகிவிடும் என்றால் சிரிக்கிறார்.

அப்பா உன்னிடம் பேசவில்லை என்று இன்னும் மூக்கைச் சிந்துகிறாயா? அவர் வீட்டில் யாரிடம் பேசினார்? அம்மாவின் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும், அவளோடு மட்டும் குடித்தனம் நடத்தினார். மற்றதெல்லாம் பஸ்ஸில்தானே? மறந்துவிட்டாயா? என் கல்யாணப் பேச்சு, நான் வேலைக்குப் போகலாமா என்கிற பேச்சு, வீடு மாற்றுகிற பேச்சு, எல்லாம் பஸ்ஸில்தான் முடிவாயிற்று. "வா, ஒரு சுற்று போயிட்டு வரலாம்" என்பார். எஞ்சினுக்குப் பக்கத்து சீட்டைப் பிடிப்பார். கடைசி நிறுத்தம்வரை போய் அதே பஸ்ஸில் திரும்புவோம். அந்த அதிர்வில் பல்லெல்லாம் ஆடும், அவர் வாய் மூடாமல் பேசுவார். வீட்டில் பேசினால் அம்மா நடுவில் புகுந்துவிடுவாள் என்பதற்காகத்தான் என்று நினைத்துக்கொள்வேன். நீ புத்தகப் புழு. கூப்பிட்டால் வரமாட்டாய்.

அடுத்த வாரம் காது டாக்டரைப் பார்க்கிறேன். நீ சொன்னதற்காக இல்லை. என் கூடத்துக்காக.

அக்கா


ஜனவரி 30

அக்கா,

மீன் தொட்டிக்காரர் நேற்று மோட்டாரை நிறுத்தினார். நான் குடியிருப்போர் சங்கத் தலைவரையே கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். அவர் என் கண் முன்னாலேயே சுவிட்சை அணைத்தார். மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பார்க்கவே பாவமாக இருந்தது. "இப்பக் கேக்குதா சார்?" என்றார். கேட்டது. தலைவர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார். அப்படியானால் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாராக இருக்கும் என்று சொன்னேன். அதையும் நிறுத்தினார்கள். பிறகு லிஃப்டை நிறுத்தினார்கள். நாலாவது மாடிக்காரர் காய்கறிப் பையோடு படியேறி வந்து என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். சத்தம் நிற்கவில்லை. எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா என்னைப் பஸ்ஸுக்குக் கூப்பிடவில்லை என்று நினைக்கிறாயா? கூப்பிட்டார். நான் கார் வாங்கிய பிறகுதான் அதிகம் கூப்பிட்டார். அதுதான் எனக்கு ஆறவில்லை. நல்ல கார், கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளிச்சத்தம் துளி உள்ளே வராது. "அப்பா, கார்ல போலாம்பா" என்பேன். ஏறுவார். ஏறியதும் "கண்ணாடியை இறக்குடா" என்பார். தூசி வரும் என்று நான் இறக்க மாட்டேன். அதோடு சரி, போய்விட்டு வரும்வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மறுபடியும், "பஸ்ல ஒரு சுற்று போலாமா?" மகன் கார் வைத்திருக்கிறான், அதில் ஏற மனசில்லை. வேறென்ன?

வேலையை விட்டுவிட்டு நான் சொந்தமாக மூக்குக்கண்ணாடிக் கடை போட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. கடை திறந்த அன்றைக்குச் சாயங்காலம், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன். "நான் செஞ்சது சரியாப்பா?" என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். அதற்குப் பிறகு நான் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

உன் மேலாளரிடம் சொன்னதற்கு மன்னித்துக்கொள். முழு மனசோடு இல்லை, முக்கால் மனசோடு.

தம்பி


பிப்ரவரி 7

தம்பிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

முதலில் நல்ல செய்தி. கட்டி இல்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். இரத்தக் கொதிப்பும் இல்லை. உன்னோடு இத்தனை வருஷம் மல்லுக்கட்டியும் வரவில்லை என்றால் இனி வராது.

டாக்டரம்மா சின்னப் பெண், ஆனால் கெட்டிக்காரி. இரண்டு கால் வைத்த இரும்புக் கவை ஒன்றைத் தட்டிக் காதுக்குப் பக்கத்தில் பிடித்தார். லேசாகக் கேட்டது. அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். பளிச்சென்று கேட்டது. பிறகு ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். வெளியே வந்ததும் டாக்டரம்மா என்ன சொன்னார் தெரியுமா? "மெஷின் சத்தத்துல கெட்டுப்போன காதுன்னா பெரும்பாலும் முதல்ல மெல்லிசான, கீச்சுக் குரல் சத்தம்தான் போகும். உங்களுக்கு அடித்தொண்டை சத்தம் போயிருக்கு. நரம்பு நல்லா இருக்கு. இது வேற."

காதுக்குள் மூன்று குட்டி எலும்புகள் இருக்கின்றனவாம். வெளியிலிருந்து வருகிற சத்தத்தை ஒன்றிலிருந்து ஒன்றாக ஆட்டி உள்ளே அனுப்புமாம். அதில் கடைசி எலும்பு, அரிசி அளவுகூட இல்லாதது, எனக்கு இறுகிப்போய் அசையாமல் நிற்கிறது. இரண்டு காதிலும்தான், இடதில் அதிகம். அதனால் வெளிச்சத்தம் உள்ளே போவது குறைந்து, உள்ளே இருக்கிற முனகல் பெரிதாகக் கேட்கிறது. கூடத்தில் எப்படி நன்றாகக் கேட்டது என்று கேட்டேன். "இரைச்சல்ல எல்லாரும் கத்திப் பேசுவாங்க. அந்த இரைச்சலே உங்களுக்குப் பாதிதான் கேக்கும். பேச்சு மட்டும் தெளிவா விழும். இந்தக் காதுக்கு அமைதியான ரூம்தான் கஷ்டம்" என்றார். எழுந்துபோய் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் பைத்தியம் இல்லை.

அடுத்ததாக, "நீங்க ரொம்ப மெதுவாப் பேசறீங்களே, சின்ன வயசுலேருந்தே அப்படியா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் அம்மாவைத் தவிர எல்லோருமே அப்படித்தான், அப்பா, தம்பி எல்லோரும் என்றேன். இந்தக் காதுக்காரர்களுக்குத் தங்கள் குரல் தங்களுக்குள்ளே பெரிதாகக் கேட்குமாம். அதனால் குரலைத் தணித்தே பேசுவார்களாம். "இது குடும்பத்துல வர்றது. அப்பாவுக்குக் காது எப்படி?" என்று கேட்டார்.

பதில் சொல்வதற்குள் எனக்குப் பஸ் ஞாபகம் வந்துவிட்டது.

எஞ்சின் பக்கத்து சீட், தம்பி. அங்கேதான் அவருக்குக் காது கேட்டது. அங்கே நான் கத்தித்தான் பேசினேன். என் கல்யாணப் பேச்சை அவர் வேறு எங்கே வைத்துப் பேசியிருக்க முடியும்? தனக்குக் காது கேட்கவில்லை என்று அவருக்கே தெரிந்திருக்காது. பஸ்ஸில் மனசு லேசாகிறது என்றுதான் நினைத்திருப்பார்.

இப்போது உன் எருமை. டாக்டரம்மாவிடம் அதையும் கேட்டேன். காதடைப்பானை இரண்டு காதிலும் நன்றாக அழுத்தி வை. மீன் தொட்டி மோட்டாராக இருந்தால் சத்தம் குறையும். சத்தம் கூடினால், எலக்ட்ரீஷியனை வர வேண்டாம் என்று சொல்லிவிடு. கடையில் உன் வாடிக்கைக்காரர்கள் ஏன் எல்லோரும் உன் மூஞ்சிக்கு நேரே குனிந்து "என்ன சார் சொன்னீங்க?" என்று கேட்கிறார்கள் என்றும் கொஞ்சம் யோசித்துப் பார். நீ பேசுவது உன் சட்டைப் பொத்தானுக்கு மட்டும்தான் கேட்கும்.

பயப்படாதே. இது உயிருக்கு ஒன்றும் செய்யாது. ஆபரேஷன் இருக்கிறது, காதுக்கருவி இருக்கிறது. காரணம் தெரிந்த பிறகு எனக்கு இந்தச் சத்தத்தின் மேலிருந்த பாதிக் கோபம் போய்விட்டது.

அக்கா


பிப்ரவரி 14

அக்கா,

கூடியது.

என் குறட்டைக்குப் பயந்து உன் தம்பி பெண்டாட்டி வாங்கி வைத்திருந்த காதடைப்பானைத்தான் எடுத்து வைத்தேன். தெருவில் போகிற வண்டிச் சத்தம் நின்றது, குழாய்ச் சத்தம் நின்றது, அவள் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. எருமை மட்டும் என் தலைக்குள்ளேயே வந்து படுத்துக்கொண்டது. எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

மாடிக்குப் போய் மீன் தொட்டிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். இந்த முறை முழு மனசோடு. பெரிய மனுஷன், சிரித்துவிட்டார். "அன்னிக்கு உங்க மூஞ்சியைப் பாத்தே நினைச்சேன் சார், இவருக்கு உண்மையாவே கேக்குதுன்னு" என்றார். கால் மணி நேரம் மீன் பெயர்களைச் சொன்னார், கேட்டுக்கொண்டேன். நாலாவது மாடிக்காரரிடம் இன்னும் போகவில்லை. தைரியம் வரட்டும்.

அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. கடையில் ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டு அறை, குண்டூசி விழுந்தால் கேட்கும். "மேல் வரிசையைப் படிங்க" என்று சொன்னேன். அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். இரண்டாவது முறை சொன்னேன். அப்போதும் சும்மா இருந்தார். என்ன மனுஷன் இவர் என்று எரிச்சலோடு நிமிர்ந்து பார்த்தால், அவர் மரியாதையாக நான் பேசுவதற்குக் காத்துக்கொண்டிருக்கிறார். நான் சொன்னது அவருக்குப் போய்ச் சேரவே இல்லை அக்கா.

அப்பாவிடம் கேட்டபோதும் ஜன்னலைச் சாத்தியிருந்தேன். ஃபேனைக்கூட நிறுத்தியிருந்தேன். முக்கியமான பேச்சு, எந்தத் தொந்தரவும் இருக்கக் கூடாது என்று. அவ்வளவு அமைதி பண்ணி வைத்துவிட்டு, இந்தக் குரலில், அந்தக் காதிடம் கேட்டிருக்கிறேன். அவர் தண்ணீர் குடிக்கத்தான் எழுந்தார். தாகம் எடுத்திருக்கிறது, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டேன்.

கண்ணாடியை இறக்குடா என்றாரே. அழுதேன் என்று எழுதினால் கேலி செய்வாய். எழுதிவிட்டேன். செய்துகொள்.

நானும் காது டாக்டரைப் பார்க்கப் போகிறேன். உன் ஆபரேஷன் எப்போது? நான் வராமல் நீ உள்ளே போகக் கூடாது.

தம்பி


பிப்ரவரி 23

தம்பிக்கு,

கேலி செய்ய மாட்டேன். இந்த ஒரு முறை.

கூடத்துக்கதையை முதலில் சொல்கிறேன், அப்போதுதான் எனக்கு மற்றதை எழுத வரும். டாக்டரம்மா தந்த சர்டிபிகேட்டைக் கஞ்சிச் சட்டையிடம் கொடுத்தேன். மெஷின்களால் வந்ததில்லை, தகுந்த காதுக் காப்போடு வேலை பார்க்கலாம் என்று எழுதியிருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, "இருந்தாலும் அபாயமணி..." என்று இழுத்தார். வாருங்கள் என்று கூடத்துக்கே கூட்டிக்கொண்டு போனேன். எல்லா மெஷினையும் ஓடவிட்டேன். நான் சுவரைப் பார்த்து நின்றேன், கூடவே இஸ்திரி உருளைப் பெண்கள் மூன்று பேரையும் நிறுத்தினேன். "பின்னாலேருந்து எதையாவது சொல்லுங்க சார்" என்றேன். அவர் கத்தினார். மற்ற மூவரும் திருதிரு என்று விழித்தார்கள். "சாயங்காலம் ஆறு மணிக்கு லாரி வருது, தலையணை உறை தயாரான்னு கேக்கறீங்க. தயார் சார்" என்றேன். இன்னொன்று சொன்னார். அதையும் சொன்னேன். பிறகு அபாயமணியை அடித்துப் பார்த்தார். முதலில் கை தூக்கியவள் நான். பெண்கள் கை தட்டினார்கள். மனுஷனுக்கு நெற்றி வியர்த்து, காலரில் ஒரு சுருக்கம் விழுந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

நாளை முதல் மறுபடி கூடத்தில். மெஷின்களுக்கு நடுவே சிவப்பு விளக்கும் வைக்கப் போகிறார்கள், மணி அடித்தால் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. அதுவும் நான் கேட்டு வாங்கியதுதான். ஆபரேஷன் முடிந்து சில வாரம் ஓய்வு. பிறகு ஏப்ரலில் இரண்டாவது கூடம் என்னிடம். எழுதியே கொடுத்துவிட்டார்.

ஆபரேஷன் மார்ச் மூன்றாம் தேதி காலை. இடது காதுக்கு மட்டும். இறுகிய எலும்பை எடுத்துவிட்டுக் குட்டியாக ஒன்றை வைப்பார்களாம். பெரும்பாலானவர்களுக்குக் காது நன்றாகக் கேட்குமாம். இரைச்சல் குறையலாம், சிலருக்கு அப்படியே இருக்கும், சிலருக்கு ஆபரேஷனே சரிவராமலும் போகலாம் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். இருக்கட்டும். அப்படியே இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். யாருடைய மெஷின் என்று தெரிந்துவிட்டது, என் பாட்டுக்கு நான் வேலையைப் பார்ப்பேன்.

இப்போது உனக்கு. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து இதை எழுதலாமா வேண்டாமா என்று ஊறப்போட்டு வைத்திருந்தேன்.

அப்பா என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் நாங்கள் பஸ்ஸில் ஒரு சுற்று போவோம் இல்லையா? அப்படி ஒரு நாள் திடீரென்று சொன்னார்: "அவன் வீட்டுல என்கிட்ட வாயே தொறக்கறதில்லம்மா. ஏதோ என் மேல கோபம். என்ன தப்பு பண்ணேன்னு தெரியல. பஸ்ல கூட்டிட்டுப் போயி கேட்டுடலாம்னு பாக்கறேன், பிடிச்சுக் கார்ல ஏத்திடறான்." நான் சிரித்துவிட்டு, "அவன் ஊமைக்கோட்டான்ப்பா, யார்கிட்டயும் பேச மாட்டான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு அன்றைக்கு அது பெரிதாகப் படவில்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒருத்தர் பேசவில்லை என்று இன்னொருத்தர் வருத்தப்பட்டுக்கொண்டு நாலு வருஷம் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் உன்னை எந்தப் பஸ்ஸுக்குக் கூப்பிட்டார் என்று உனக்குத் தெரியுமா? அந்தப் பஸ் உன் கடை வாசல் வழியாகப் போகிறது. நீ வராத அன்றைக்கு அவர் தனியாகவே போய்வருவார். என்னிடம் சொல்லியிருக்கிறார். "கடை போர்டுல எழுத்து எவ்வளவு பெரிசு தெரியுமா? பஸ்ஸுலேருந்து கண்ணாடி இல்லாமலே படிச்சேன். கண்ணுக்கு வைத்தியம் பாக்கறவன் போர்டு அப்படித்தான் இருக்கணும். பிழைச்சுக்குவான்."

இன்னும் நிறைய இருக்கிறது, எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மிச்சத்தை எழுத மாட்டேன், நேரில்தான் சொல்வேன். மூன்றாம் தேதிக்கு முதல் நாளே வந்துவிடு. காரை எடுத்துக்கொண்டு வராதே.

அக்கா


பிப்ரவரி 27

அக்கா,

காரை மீன் தொட்டிக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். ஊரிலிருந்து இன்னும் ஒரு தொட்டி கொண்டுவர வேண்டுமாம். வரட்டும், அதற்கும் ஒரு மோட்டார் வைத்துக்கொள்ளட்டும்.

எனக்கும் அதே எலும்புதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உனக்கு எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு நான் முடிவு செய்வேன். நீ அக்கா, முதலில் போ.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பஸ்ஸில் போனேன். எஞ்சின் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்தேன். எருமை அடங்கிப்போய், பின்னால் யாரோ இரண்டு பேர் தக்காளியைப் பற்றிச் சண்டை போட்டது ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. கடை வந்ததும் எட்டிப் பார்த்தேன். அப்பா சொன்னது சரி, எழுத்து பெரிசுதான். கடைசி நிறுத்தத்தில் இறங்கவில்லை, திரும்பி வரும்போது இன்னொரு முறை பார்த்தேன்.

இரண்டாம் தேதி உன் வீட்டுக்கு வருகிறேன். மறுநாள் மருத்துவமனைக்குப் பஸ்ஸில் போவோம், உன் வீட்டுக்காரர் பின்னாலேயே ஆட்டோவில் பையோடு வரட்டும். அப்பா சொன்னதையெல்லாம் போகும்போதே சொல்லிவிடு. ஆபரேஷன் முடிந்தபிறகு நீ எந்த அறையில் வேண்டுமானாலும் உட்கார்ந்து பேசுவாய். எனக்கு இன்னும் கொஞ்ச நாளைக்குப் பஸ்தான் வேண்டும். நல்லா கத்திச் சொல்லு.

தம்பி